நாலு மீட்டர் அலையில் தேடியது

தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்தவரான வெள்ளைக்காரச் சின்னத்துரையின் மனைவி என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்தது ஒரு மழை நாளில். தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை. ஐந்து வகுப்பும் அதற்குள்தான், சொல்லிக்கொடுக்க நான் ஒருத்திதான். அவர் வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டு, "இங்கே வா. உட்கார். எழுது" என்றார், தமிழில். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். தோட்டத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் படித்துக்கொண்டு வருகிற தமிழ்ப் புத்தகத்தில் கட்டளைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

"என்ன எழுத வேண்டும், மேடம்?" என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. மன்னிப்புக் கேட்டார். ஒரு துரைசாணி மன்னிப்புக் கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு எங்கள் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே அவர் பேசுவதாக நான் எழுதுவதெல்லாம் என் தமிழ்.

அவர் கையில் ஒரு நீளக் காகிதச் சுருள் இருந்தது. அதில் சீப்புப் பல் மாதிரி மேலும் கீழுமாக ஒரு மைக்கோடு ஓடியது. ஒவ்வொரு பல்லின் உயரத்தையும் அளந்து எழுதித் தர முடியுமா என்று கேட்டார். அன்று சாயந்தரமே அளந்து கொடுத்தேன். தான் அளந்து வைத்திருந்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் வேறுபாடு இருந்தது. அளவுகோலை எடுத்துத் திரும்ப அளந்தார். "இரண்டிலும் தவறு என்னுடையது" என்றார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவரிடம் வேலைக்குப் போனேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வரை படித்துத் தேறியிருந்தேன். அதற்கு மேல் வழியில்லை. சுதந்திரம் வந்த வருஷத்தில் வந்த சட்டத்தோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, எங்களுக்குப் பிரஜாவுரிமை போயிற்று. பிறகு விண்ணப்பம் போடலாம் என்றார்கள். அப்பா போட்டார். பல வருஷம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை அவருடைய அம்மா செத்துப்போனதற்காகத் திருச்சிப் பக்கம் போனவர் அங்கே காய்ச்சலில் படுத்து, திரும்பி வரப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இடைவிடாமல் இங்கே இருந்ததாகச் சொல்ல முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அப்பா அதற்கடுத்த வருஷம் இறந்தார். பிரஜாவுரிமை இல்லாதவளை ஆசிரியர் கலாசாலையில் எடுக்கமாட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் தோட்டத்தின் தயவு. பள்ளிக்கூடத்தோடு ஒட்டின ஓர் அறையில் நானும் அம்மாவும் இருந்தோம். அண்ணன் தொழிற்சாலையில் என்ஜின் அறையில் வேலை செய்தான். மதினியும் இரண்டு பிள்ளைகளுமாக, தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்தில் காம்பரா என்கிற ஓர் அறையில் இருந்தான். பன்னிரண்டு காம்பரா ஒட்டிக்கொண்டு நிற்கும் நீள லயம் அது. டிக்கோயாவிலிருந்து நடந்து வந்தால் முதலில் கண்ணுக்குப் படுவது அதன் தகரக் கூரைதான்.

துரைசாணிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு தன் நாட்டில், வானத்திலிருந்து வரும் வானொலி இரைச்சலை ஆராயும் ஒரு கூடத்தில் வேலை செய்தவர். புருஷனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததும் அதை விட்டுவிட்டு வந்தார். ஆனால் முழுக்க விடவில்லை. யுத்தம் முடிந்து கழித்துவிட்ட இரண்டு ரேடியோப் பெட்டிகளைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார். மேட்டு லயத்துக்குக் கீழே, முன்பு தேயிலை நாற்று வளர்த்த தவறணை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார். ஓரத்தில் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவம் ஒன்று இருந்தது. பெட்டிகளை அதற்குள் வைத்தார்.

ஏரியல் கட்டியது அண்ணன். டர்பன்டைன் மரக் கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஆள் உயரச் செப்புக் குழாய் இரண்டைச் சிலுவை மாதிரிப் பொருத்தினான். ஒன்று வடக்குத் தெற்காக, மற்றது கிழக்கு மேற்காக. அப்படி எட்டுக் கம்பங்கள். காற்றுக்கு அசையாமல் நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினான். தொழிற்சாலையில் கார் பேட்டரிகளைச் சார்ஜ் செய்து தோளில் சுமந்து வருவதும் அவன்தான்.

"இது எதுக்கு தங்கச்சி?" என்று ஒரு நாள் கேட்டான். "லண்டன் பாட்டுக் கேக்கவா?"

"இல்லண்ணே. வானத்துல காந்தம் இருக்கான்னு பாக்க."

"இருந்தா?"

அவன் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினான்.

அவனுக்குச் சொல்ல முடியாததைத் துரைசாணி எனக்குச் சொல்லியிருந்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே இருப்பது வெறும் வெளி அல்ல. மிக மெல்லிய காந்தப்புலம் ஒன்று அங்கே பரவிக் கிடக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் சிக்கிச் சுழலும் மின்னணுக்களிலிருந்து வருவதுதான் பால்வீதியின் வானொலி இரைச்சல். அப்படியானால் அந்த அலை எல்லாத் திசையிலும் ஒரேபோல ஆடாது. காந்தம் ஓடுகிற திசையைப் பொறுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும். வடக்குத் தெற்குக் குழாயும் கிழக்கு மேற்குக் குழாயும் சமமாக வாங்கினால் சாய்வு இல்லை. ஒன்று கூடுதலாக வாங்கினால் சாய்வு இருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு சுவிட்சு இரண்டையும் மாற்றி மாற்றிப் பெட்டியில் சேர்க்கும். காகிதத்தில் சீப்புப் பல் விழுவது அதனால்தான். இதற்கு முனைவாக்கம் என்று பெயர் இருப்பதைப் பிற்காலத்தில் ஒரு பாடப்புத்தகத்தில் பார்த்தேன். நான் அளவுப் புத்தகத்தில் எழுதியது சாய்வு என்றுதான். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவரும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

இதற்கு ஏன் எங்கள் மலை? அதையும் கேட்டேன். அவர் பெட்டியிலிருந்து ஒரு காந்த ஊசியை எடுத்துக் காட்டினார். திசைகாட்டி மாதிரிப் படுக்கையாகச் சுழலாமல், சக்கரம் போல நிமிர்ந்து சுழலும் ஊசி. அவருடைய ஊரில் அது மூக்கைத் தரையில் குத்துமாம். மடுவத்து மேசையில் கிட்டத்தட்டச் சமமாகப் படுத்துக்கொண்டது. "பூமியின் காந்தம் இங்கே படுத்துக் கிடக்கிறது" என்றார். "உயரத்தில் மின்னூட்டம் கொண்ட காற்று இருக்கிறது. என் ஊரில் அது வருகிற அலையின் சாய்வை முறுக்கிக் கெடுத்துவிடும். இங்கே தலைக்கு நேராக வருவதை அவ்வளவாக முறுக்காது. இந்த வேலைக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் அதிகம் இல்லை." நல்ல இடம் என்று எங்கள் தோட்டத்தை யாரும் சொல்லி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அவர் பிடித்த அலை நாலு மீட்டர் நீளம். அவரிடம் இருந்த பெட்டிகளுக்கு எட்டியது அதுதான். குறுகிய அலைக்குப் பெரிய கிண்ணம் போன்ற ஏரியல் வேண்டும். அதற்கு ஓர் அரசாங்கமே வேண்டும் என்பார்.

பேனா தானாகவே ஓடும். விடிந்ததும் காகிதத்தைக் கழற்றுவது அவர் வேலை, பின்னேரம் அளப்பது என் வேலை. முதல் வருஷம் முடியும்போது இரண்டு விஷயம் தெளிவாயிற்று. பால்வீதி தலைக்கு மேல் கடக்கும்போது கோடு மொத்தமாக எழுந்து தாழ்ந்தது. அப்போது கிழக்கு மேற்குப் பல் மற்றதைவிடக் கொஞ்சம் உயர்ந்து நின்றது. அந்த உயர்வு ஒவ்வொரு நாளும் நாலு நிமிஷம் முந்திக்கொண்டு வந்தது. நட்சத்திரங்கள் அப்படித்தான் முந்தும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். மனிதர் செய்கிற எந்த இரைச்சலும் அப்படி வராது. மனிதர் சூரியனைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். ஆகவே அது வானத்திலிருந்துதான் வருகிறது.

நான் மாதவாரியாகக் கட்டம் கீறி அவரிடம் நீட்டிய அன்று அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கட்டுரையில் இரண்டு பெயர் இருக்கும்" என்றார். "உங்களுடையதும்." அன்று வீட்டுக்குப் போகிற வழியில் என் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். எந்த நாட்டுப் பட்டியலிலும் இல்லாத பெயர் அது.

அவர் தன் பழைய கூடத்துக்கு எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏரியலைச் சுற்றியிருப்பதைச் சரிபாருங்கள், பக்கத்துப் பொருளில் பட்டுத் திரும்பும் அலையும் இதே வேஷம் போடும் என்று இரண்டே வரி. துரைசாணி தவறணை ஓரத்து மரங்களை வெட்டச் சொன்னார். அண்ணனும் இன்னும் மூன்று பேரும் ஒரு வாரம் வெட்டினார்கள். சாய்வு மாறவில்லை. மடுவத்துக் கம்பி வேலியைப் பிடுங்கினோம். மாறவில்லை. பிறகு சந்தேகப்பட வேறொன்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. மேட்டு லயத்துக் கூரையை நாங்கள் நினைக்கவே இல்லை. அவர் அதைத் தூரத்திலிருந்து பார்த்தவர், நான் அதற்கடியில் பிறந்தவள். அதனால்தானோ என்னவோ, இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

இப்படி இன்னும் ஒரு வருஷம் போயிற்று. அதற்கடுத்த வருஷம் ஆனி மாதத்தில் அந்தக் காற்று வந்தது.

ஆனியில் எங்கள் பக்கம் காற்று புதிதல்ல. ஆனால் அந்தத் தடவை இரண்டு நாள் பெரட்டே கூப்பிடவில்லை. ஆள்களைக் கூட்டி வேலை பிரிக்காத நாள் என்று தோட்டத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று இருந்தால் அதிகம். இரண்டாம் நாள் காலையில் மேட்டு லயத்துத் தகரம் ஒவ்வொன்றாகக் கிளம்பி, பிறகு மொத்தமாகச் சுருட்டிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. அடிபட்டு யாரும் சாகவில்லை. தோட்டத்தில் தார் பூசின படங்குத் துணி கொடுத்தார்கள். கறுப்புப் படங்கைக் கூரைச் சட்டங்களுக்கு மேல் போட்டு, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, பன்னிரண்டு குடும்பமும் அதற்குள்ளேயே இருந்தார்கள். மழை நிற்கவில்லை. மதினியின் கடைசிப் பிள்ளைக்கு அப்போது பத்து மாதம், பெண்பிள்ளை. ஒழுகாத மூலை ஒன்று இருந்தது. அங்கே ஏணை கட்டி அதைப் போட்டிருந்தார்கள்.

பிள்ளையை எங்கள் அறைக்குக் கொண்டுவரச் சொல்லி அம்மா கேட்டாள். பால்குடிப் பிள்ளை, கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தாயோடு இருக்க வேண்டும் என்று மதினி மறுத்துவிட்டாள். பெரிய பிள்ளைகள் இரண்டும் எங்களோடு வந்து படுத்தன.

ஏரியல் அசையவில்லை. அண்ணன் இழுத்துக் கட்டின கம்பி ஒன்றுகூட அறவில்லை.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த அன்று பின்னேரம் மடுவத்துக்குப் போனேன். ஐந்து நாள் காகிதம் சேர்ந்திருந்தது. முதல் நாளுடையதில் சாய்வு வழக்கம்போல இருந்தது. காற்றுக்குப் பிறகு வந்த நாள்களில் இல்லை. பேனா ஒட்டிக்கொண்டதோ என்று பார்த்தேன். மொத்தக் கோடு சரியான நேரத்தில், சரியான உயரத்துக்கு எழுந்து இறங்கியிருந்தது. பால்வீதி வந்து போயிருக்கிறது. இரண்டு பல்லும் மட்டும் சமமாக நின்றன. மறுபடியும் அளந்தேன். மூன்றாம் தடவை அளந்தேன். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. நேரெதிரே மேட்டில், கிழக்கிலிருந்து மேற்காக நீண்டு கிடக்கும் லயம், தகரமில்லாமல், படங்கு மூடிய சட்டங்களோடு.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. கிழக்கு மேற்காக ஒட்டிக் கிடந்த அவ்வளவு தகரமும் ஒரு பெரிய ஏரியலாக நின்று, வானத்தின் அலையை வாங்கிக் கிழக்கு மேற்குக் குழாய்க்கு மட்டும் கூடுதலாகத் தந்துகொண்டு இருந்திருக்கிறது. அலை வானத்திலிருந்து வந்ததால் அதுவும் தினம் நாலு நிமிஷம் முந்தியிருக்கிறது. சாய்வு வானத்துடையது அல்ல. எங்கள் லயத்துடையது.

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தகரம் திரும்பப் போட்டால் சாய்வும் திரும்பிவிடும், யாருக்கும் தெரியாது. பிறகு துரைசாணி வந்ததும் ஐந்து காகிதத்தையும் மேசையில் வரிசையாக விரித்துவிட்டு, கையால் மேட்டைக் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். மழைக்கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டி மேசைக்கடியில் சேர்ந்தது.

"அப்படியானால் இவ்வளவு காலமும் நாம் அளந்தது அந்தக் கூரையை" என்றார்.

"ஆமாம், மேடம்."

ஐந்து காகிதத்தையும் சேர்த்து அடுக்கிவிட்டுச் சொன்னார். "இப்போது கூரை இல்லை. இப்போது எழுதப்படுவதுதான் சுத்தமான பதிவு. இன்னும் இரண்டு வாரம் இப்படியே கிடைத்தால் உண்மையான சாய்வு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். புதுத் தகரம் நேற்று ஸ்டோருக்கு வந்துவிட்டது என்று என் கணவர் சொன்னார்." என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, "அங்கே இருக்கிறவர்களால் இரண்டு வாரம் சமாளிக்க முடியுமா? உங்களுக்குத்தான் தெரியும். முடியாது என்றால் சொல்லிவிடுங்கள்" என்றார்.

"முடியும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் ஏன் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். துரைசாணிக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை என்பது ஒன்று. அது பொய். அவரிடம் நான் மறுத்துப் பேசியிருக்கிறேன், அளவு தவறினால் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரம்தானே என்பது இன்னொன்று. உள்ளது என்னவென்றால், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவ்வளவு நாளும் கண் எரிய அளந்ததற்கு ஒரு விடை வேண்டியிருந்தது. இரண்டு பெயர் போட்ட அந்தக் கட்டுரையும் எனக்கு வேண்டியிருந்தது.

லயத்துக் கூரையைத் தள்ளிப்போடும்படி துரைசாணி கேட்டபோது சின்னத்துரைக்கு அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. தச்சு வேலை பார்க்கும் பாஸ் எப்படியும் தொழிற்சாலைக் கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது முடிந்து பங்களா, பிறகு கிளார்க்மார் வீடு. இரண்டு வாரம் நாலு வாரமாயிற்று. மூன்றாம் வாரம் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். உள்ளே வராமல் தூவானத்தில் நின்றுகொண்டே பேசினான். தனக்காக எதையும் யாரிடமும் கேட்டுப் பழகாதவன்.

"தங்கச்சி, ஸ்டோர்ல தகரம் வந்து கெடக்கு. நீ தெனம் அவங்களோட இருக்கிற. தொரசாணிகிட்ட ஒரு வார்த்த சொல்லேன். சின்னதுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு. ராவெல்லாம் இழுக்குது."

"சொல்றேண்ணே."

"பன்னெண்டு வீட்டுக்கும் வேணாம். அந்தப் புள்ள படுக்கிற மூலைக்கு மட்டும் ரெண்டு தகரம் போட்டாக்கூடப் போதும்."

"சொல்றேன்னு சொன்னேன்லண்ணே."

அன்று பின்னேரம் மடுவத்துக்குப் போனேன். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். துரைசாணி இருபது நாள் அளவையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு வாரம்" என்றார். "பிழையின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. ஒரு வாரம் போதும்." இரண்டு தகரம் மட்டும் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதுவும் கிழக்கு மேற்காகத்தான் கிடக்கும், அதுவும் கோட்டில் ஏறும் என்றும் அந்த நேரத்திலேயே தோன்றியது. நான் அளவுகோலை எடுத்தேன்.

நாலு நாள் கழித்துப் பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். நானும் போனேன். அங்கே மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஒரு நர்ஸ் மடியில் வைத்துக்கொண்டு மூச்சுக்கு ஆவி பிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது. மதினி அழவில்லை. "பால் கட்டிக்கிச்சு, நெஞ்சு வலிக்குது" என்று மட்டும் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தோட்டத்துச் சுடுகாட்டுச் சரிவில் புதைத்தோம். துரைசாணி பங்களாத் தோட்டத்துப் பூக்களைக் கொண்டுவந்தார். கொஞ்ச தூரம் தள்ளியே நின்றார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார்.

"அது கூரையினாலா?"

"யாராலும் சொல்ல முடியாது, மேடம். கூரை உள்ள லயங்களிலும் இந்த மழைக்குப் பிள்ளைகள் சாகிறார்கள்."

"நான் உங்களைக் கேட்டேன்."

"கேட்டீர்கள். நான் முடியும் என்றேன்."

அடுத்த வாரம் லயத்துக்குத் தகரம் போட்டார்கள். அதற்கடுத்த நாளே காகிதத்தில் கிழக்கு மேற்குப் பல் பழைய உயரத்துக்கு வந்து நின்றது. அதை நான்தான் அளந்தேன்.

கூரை இல்லாமல் கிடைத்த பதிவைத் துரைசாணி இரண்டு மாதம் கணக்குப் பார்த்தார். விடை பூச்சியம். கோட்டின் நடுக்கத்துக்கு மேல் எதுவும் இல்லை. வடக்குத் தெற்கும் கிழக்கு மேற்கும் ஒன்றே. நாலு மீட்டர் அலையில் பால்வீதிக்குச் சாய்வு இல்லை. இருந்தாலும் எங்கள் எட்டுக் கம்பத்துக்கு அது தெரியவில்லை.

சில மாதம் கழித்துச் சின்னத்துரை வேலையை விட்டுவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்ப ஏற்பாடு செய்தார். மடுவத்தைக் காலி பண்ண நான் உதவிக்குப் போனேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கும்போது ஒரு விஞ்ஞானச் சஞ்சிகை கைக்கு வந்தது. ஒரு கட்டுரையின் ஓரமெல்லாம் அவர் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வேறொரு நாட்டில் பெரிய கிண்ண ஏரியலில், மிகக் குறுகிய அலையில், அந்தச் சாய்வைக் கண்டுவிட்டிருந்தார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே காந்தம் இருக்கத்தான் செய்கிறது. ஓரத்தில் அவர் ஒரு சிறு கணக்கும் போட்டிருந்தார். அவரோடு இருந்த காலத்தில் அதைப் படிக்கிற அளவுக்குக் கற்றிருந்தேன். அந்தக் காந்தமே வழிநெடுக அலையின் சாய்வை முறுக்குகிறது. அலை நீள நீள முறுக்கும் கூடும். நாலு மீட்டர் அலையில் ஒவ்வொரு தொலைவிலிருந்தும் வருவது ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி, எல்லாம் கலந்து, ஒன்றையொன்று அழித்துவிடும். எதுவும் மிஞ்சாது. உறையில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தேன். காற்றுக்கு மூன்று மாதம் முந்தியது.

"இது எப்போது வந்தது, மேடம்?"

அவர் பொய் சொல்லவில்லை. "கூரை பறப்பதற்கு முன்பு."

"அப்படியானால் அந்த இரண்டு வாரம் கேட்டபோதே தெரியும்."

"கணக்குப்படி தெரியும். கணக்குத் தவறாக இருக்கலாம் என்று நினைத்தேன். இல்லை என்பதையாவது என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது." சஞ்சிகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் முடியாது என்று சொல்லியிருப்பீர்கள்."

முடியாது என்று சொல்லியிருப்பேனா என்பது எனக்கே தெரியாது. இருக்கிற புத்தகங்களை அடுக்கி முடித்துப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினேன்.

கட்டுரை ஒன்றும் வரவில்லை. பூச்சியத்தைப் பிரசுரிக்க யாருக்கும் மனமில்லை என்று பிறகு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். எனக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கவனமானவர், பிழையில்லாமல் அளப்பவர் என்று. அதை எடுத்துக்கொண்டு கொழும்பில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே இருந்தவர் மரியாதையாகப் படித்துப் பார்த்தார். பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டார். இல்லை என்றதும் நற்சாட்சியை மடித்த மடிப்பிலேயே திருப்பி மடித்துக் கையில் கொடுத்தார். ஹட்டனுக்கு ரயிலேறி வந்துவிட்டேன்.

பிறகு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று. யார் எங்கே என்று எங்களைக் கேட்டுப் பிரிக்கவில்லை. ஆனாலும் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்கத் தானாகவே முடிவு செய்தான். அவன் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. "இங்க இருந்து என்ன தங்கச்சி?" என்றான். அவ்வளவுதான் காரணம்.

பத்திரத்தை நிரப்ப என்னிடம் வந்தான். அம்மா வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தாள். பெயர், வயது, பிறந்த தோட்டம் எல்லாம் எழுதினேன். பிள்ளைகள் என்ற இடம் வந்தது. "ரெண்டு" என்றான் அவன். என் பேனா நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. காற்றுக்குப் பிறகு மடுவத்தில் துரைசாணி கேட்டது, நான் முடியும் என்றது, அவன் வந்து இரண்டு தகரம் கேட்ட அன்று நான் வாயைத் திறக்காமல் அளவுகோலை எடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். தலையை நிமிர்த்தவில்லை.

அவன் வாசல் வழியே வெளியே அம்மாவை ஒரு தடவை பார்த்தான்.

"தகரம் வந்தது அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றான். "லொறியில இருந்து எறக்குனதே நாந்தான். தொரசாணிதான் நிறுத்தி வச்சிருக்காங்கன்னு பொறகு ஸ்டோர் கிளாக்கரும் சொன்னாரு. சரி, வெள்ளக்காரவுங்க, அவுங்களுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்." குரல் உயரவே இல்லை. "நீ அதுக்குள்ள இருந்தேன்னு தெரியாது."

"அண்ணே..."

"எழுது. அடுத்தது என்ன கேக்குறான்?"

மீதியையும் நிரப்பினேன். கையெழுத்துப் போட்டான். போய்விட்டான்.

அவர்கள் கிளம்பிய அன்று ஹட்டன் ஸ்டேஷனுக்கு நானும் அம்மாவும் போனோம். மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளிடம் அவன் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். அண்ணன் தகரப் பெட்டியை ஏற்றினான், பிள்ளைகளை ஏற்றினான், அம்மா காலில் விழுந்து கும்பிட்டான். என் பக்கம் திரும்பவில்லை. ரயில் போன பிறகும் அம்மா, "தங்கச்சிகிட்ட சொல்லிக்காமப் போறான் பாரு, கூட்டத்துல மறந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அங்கிருந்து கடிதம் வந்தது. எல்லாம் அம்மா பெயருக்குத்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அது அவனுக்கும் தெரியும். அங்கே வேலை கிடைக்கவில்லை, வெயில் தாங்கவில்லை, எங்களை அகதி என்கிறார்கள், மதினிக்கு உடம்பு சரியில்லை, அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ஒரு கடிதத்திலும் என்னைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஒவ்வொரு தடவையும் கடைசியில், "தங்கச்சியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று ஒரு வரியை நானே சேர்த்துப் படிப்பேன். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒன்ன மறக்க மாட்டான் அவன்" என்பாள்.